பேசிப் பழகாமல் கட்டிக்கொண்டால்தான் நிலைக்கும் என்று உண்மையிலேயே ஆராய்ச்சி இருக்கிறதா?

கொடிவேரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 28 வயது. ஊர் கோபி பக்கம், வேலை கோயம்புத்தூரில். இரண்டு வருடமாக வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, மனதில் யாரும் இல்லை. போன மாதம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வந்தார்கள், அவரும் நானும் மொட்டைமாடியில் ஒரு பத்து நிமிடம் பேசினோம், அதிலும் பாதி நேரம் அவருடைய அக்கா பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மரியாதையான ஆளாகத்தான் தெரிகிறார். நான் வீட்டில் கேட்டது ஒன்றுதான். நிச்சயத்துக்கு முன்னால் மூன்று மாதம் கொடுங்கள், நான்கைந்து முறை வெளியில் சந்தித்துப் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். அம்மா சரி என்றார். அப்பா யோசிக்கிறேன் என்றார்.

அதற்கப்புறம்தான் பெரியப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். காதலித்துக் கட்டுவது கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது மாதிரி, போகப்போக ஆறிவிடும். பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைப்பது குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மாதிரி, மெல்ல மெல்லச் சூடேறும். இது விஞ்ஞானிகள் நிரூபித்தது, அதனால்தான் அமெரிக்காவில் பாதிக் கல்யாணம் முறிகிறது, இந்தியாவில் நூற்றில் ஒன்றுகூட முறிவதில்லை, இப்படிப் போகிறது அந்தச் செய்தி. கீழே பெரியப்பா, "அதிகம் பேசினால் குறைதான் கண்ணுக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தார். பெரியப்பா கெட்டவர் இல்லை, என் படிப்புக்குப் பணம் கட்டியவரே அவர்தான். அதனால்தான் சட்டென்று எதிர்த்துப் பேச முடியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அந்தச் செய்தியை அவர் இரண்டு தடவை படித்ததைப் பார்த்தேன். உணர்ச்சியாகப் பேசினால் அவரிடம் எடுபடாது, எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார். இந்தப் பாத்திரக் கதைக்குப் பின்னால் நிஜமாகவே ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நூலகப்படி எழுதியது:

இருக்கிறது தோழி, ஆனால் உங்கள் பெரியப்பா நினைக்கிற அளவுக்கு அதில் பலம் இல்லை. நான் சமூகவியல் படித்தவள், குடும்பம் பற்றிய ஆய்வுகள்தான் என் பாடம், எனவே இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

இந்தியாவில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1982ல் வெளியான ஜெய்ப்பூர் ஆய்வு. உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இருவர் செய்தது. காதல் திருமணம் செய்தவர்களின் அன்பு ஐந்து வருடத்துக்கு அப்புறம் குறைந்ததாகவும், பெற்றோர் பார்த்துச் செய்தவர்களிடம் அது கூடியதாகவும் அதில் வந்தது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் தாய்வேர் பெரும்பாலும் இதுதான். சரி, எத்தனை ஜோடிகளைக் கேட்டார்கள்? 50. அந்த 50 ஜோடியைக் காதல், ஏற்பாடு என்று இரண்டாகப் பிரித்து, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று மறுபடியும் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஜோடிகள் மிஞ்சும். இன்னொன்று, ஒரே ஜோடியை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து போய்க் கேட்கவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வேறு, பத்து வருடம் ஆனவர்கள் வேறு. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன்களின் உயரத்தையும் பத்தாம் வகுப்புப் பையன்களின் உயரத்தையும் ஒரே நாளில் அளந்துவிட்டு, இந்தப் பையன் நான்கு வருடத்தில் இவ்வளவு வளர்ந்தான் என்று சொல்ல முடியுமா? உங்கள் அப்பாவிடம் இப்படியே கேளுங்கள், ஆசிரியர் என்பதால் உடனே பிடிபடும்.

இந்தச் சூடு, குளிர் விஷயம் ஜெய்ப்பூருக்கும் முந்தையது. ராபர்ட் பிளட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தோக்கியோவில் காதல் திருமணங்களையும் ஏற்பாட்டுத் திருமணங்களையும் ஒப்பிட்டு 1967ல் ஒரு நூல் கொண்டுவந்தார். அதே கேள்வியைச் சீனாவில் செங்டு நகரத்தில் சூ சியாவ்ஹே, மார்ட்டின் வைட் என்ற இருவர் மறுபடி சோதித்தார்கள். 1987ல் 586 பெண்களிடம் கேட்டு 1990ல் வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த பதில் பாத்திரக் கதைக்கு நேர் எதிர். தாங்களே துணையைத் தேர்ந்துகொண்ட பெண்கள்தான் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள், அதுவும் கல்யாணமாகி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. குளிர்ந்த பாத்திரம் சூடேறி மற்றதை முந்துகிற கட்டம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2012ல் அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் 58 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு, அதில் இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதுவும் சின்னக் கணக்குதான், அதை வைத்து நான் எதையும் நிறுவப் போவதில்லை.

இப்போது உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நேபாளத்தில் சித்வான் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. அங்கே பல வருடங்களாகக் குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். நம் ஊர் மாதிரியே பெற்றோர் பார்த்துக் கட்டிவைப்பதுதான் அங்கும் நெடுங்கால வழக்கம், பிள்ளைகளையும் கேட்டு முடிவெடுப்பது மெல்ல மெல்ல வந்தது. கீரா அலெண்டோர்ஃப், திர்கா கிமிரே இருவரும் அந்தத் தகவல்களை வைத்து 2013ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துணையைத் தேர்ந்தெடுப்பதில் தனக்கும் பங்கு இருந்தது என்று சொன்னவர்களின் மணவாழ்க்கை, பங்கே இல்லாதவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. அதிகம் படித்தவர்களுக்கும் நன்றாக இருந்தது. கல்யாணமாகி அதிக வருடம் ஆனவர்களுக்கும் நன்றாக இருந்தது, இதில் உங்கள் பெரியப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம், மனைவிகளைவிடக் கணவர்கள்தான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அதிகம் சொன்னார்கள்.

நீங்கள் கேட்பது காதலா ஏற்பாடா என்ற கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? ஏற்பாட்டுக்குள்ளேயே உங்கள் வாய்க்கு எவ்வளவு இடம் என்பதுதான். இந்தியாவில் 2011-12ல் நடந்த மனித மேம்பாட்டுச் சர்வேயில், கணவனை நானேதான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்ன பெண்கள் சுமார் 5 சதவீதம்தான். மற்றவர்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டியவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோரும் பெண்ணும் சேர்ந்து முடிவெடுத்தது என்று ஒரு பெரிய நடுப்பகுதி இருக்கிறது, வளர்ந்துகொண்டும் வருகிறது. நீங்கள் அந்த நடுவில்தான் நிற்கிறீர்கள்.


பெருந்துறைக்காரர் எழுதியது:

மகளே, நான் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். வயது 57. எனக்குக் கல்யாணமாகி 31 வருடம். போட்டோ மட்டும்தான் பார்த்தேன், என் வீட்டம்மா அதைக்கூடப் பார்க்கவில்லை, முகூர்த்தத்தன்றுதான் என் முகத்தையே பார்த்தார். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. இரண்டு பிள்ளைகள், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஜெய்ப்பூர், சீனா, நேபாளம் என்று எங்கெங்கோ தேடுகிறீர்கள், உங்கள் தெருவிலேயே முப்பது நாற்பது வருடம் வாழ்ந்தவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரியப்பா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். 2023ல் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கில், காதல் கல்யாணங்களில்தான் விவாகரத்து அதிகம் வருகிறது என்று நீதிபதிகள் சொன்னதாகப் பேப்பரில் படித்தேன்.


நடுவாசல் எழுதியது:

பெருந்துறை ஐயா, நான் குடும்ப நல நீதிமன்றம் ஒன்றில் பல வருடமாக ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது விசாரணையின் நடுவில் வாய்மொழியாக வந்த ஒரு கருத்து, தீர்ப்பு இல்லை, கணக்கெடுத்துச் சொன்னதும் இல்லை. அப்படிக் கணக்கெடுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும், ஆனால் இது காதல், இது வீட்டில் பார்த்தது என்று பிரித்து யாரும் கணக்கு வைப்பதில்லை. பிறகு எதில் அதிகம், எதில் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

அந்த நூற்றில் ஒன்று என்ற எண்ணைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்து ஆனவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர், மணமானவர்களில் 0.24 சதவீதம். அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். பிரிந்து வாழ்பவர்கள் 0.61 சதவீதம், சுமார் 35 லட்சம் பேர். விவாகரத்து ஆனவர்களைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் இருவரும் 2016ல் இதை விரிவாக எழுதினார்கள்.

யார் இந்த 35 லட்சம் பேர்? நம் ஊரில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது, வாழாவெட்டி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். என்னிடம் ஒரு பெண் வந்தார், ஒன்பது வருடமாகத் தாய்வீட்டில் இருக்கிறார், வழக்குப் போடவில்லை, ஜீவனாம்சம் கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டேன். தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை பொறுத்துக்கொள் என்று வீட்டில் சொன்னார்களாம். ஒன்பது வருடம்! அரசுக் கணக்கில் அந்தக் கல்யாணம் முறியாத கல்யாணம். உங்கள் வாட்ஸ்அப் செய்தி அவரையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருக்கும். இது போகச் சில சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் அத்துவிடுவது என்ற பழைய வழக்கமும் இருக்கிறது, அதெல்லாம் கோர்ட் வாசலுக்கே வராது.

சட்டமும் நம்மிடம் தாமதமாகத்தான் வந்தது. இந்துத் திருமணச் சட்டம் 1955ல் வந்தாலும் இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற பிரிவு 1976ல்தான் சேர்ந்தது. அதற்கும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017ல். ஒருவர் மட்டும் கேட்டால் எத்தனை வருடம் இழுக்கும் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே போகிற கதவு எவ்வளவு கனம் என்பதைத்தான் அந்தக் குறைந்த எண் அளக்கிறது. உள்ளே இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்பதை அது அளக்கவே இல்லை.


கடல்தாண்டி எழுதியது:

நடுவாசல் அக்கா சொன்ன கதவு விஷயத்துக்கு அமெரிக்காவிலேயே கணக்கு இருக்கிறது, நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாதிக் கல்யாணம் முறிகிறது என்பது 1970களிலும் 80களிலும் இருந்த வேகத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஆயிரம் பேருக்கு எத்தனை விவாகரத்து என்று பார்த்தால் 1981ல் 5.3, 2022ல் 2.4. கல்யாணம் செய்கிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதும் அதில் ஒரு காரணம், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் செய்கிறவர்கள் முன்பைவிட வயது கூடி, படிப்பும் வேலையும் அமைந்த பிறகு செய்கிறார்கள், அது நிலைக்கவும் செய்கிறது.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் 1970 முதல் யாருடைய குற்றத்தையும் நிரூபிக்காமலே விவாகரத்துப் பெறலாம் என்று சட்டம் வந்தது, பிறகு மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. வெவ்வேறு வருடங்களில் மாற்றியதால், மாற்றிய மாநிலத்தையும் மாற்றாத மாநிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006ல் அதைச் செய்தார்கள். ஒருவர் மட்டும் விரும்பினாலே பிரியலாம் என்று ஆன மாநிலங்களில் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் குறைந்திருந்தது, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது என்னவென்றால், விலகிப் போனவர்களுக்கு மட்டும் இது பயன்பட்டிருக்காது. போக முடியும் என்று தெரிந்ததால் வீட்டுக்குள்ளேயே நடத்தை மாறியிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விளக்கம். பல வருடத்துக்கு முன்னால் படித்தது, இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

கொடிவேரி, ஒரு பக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஒன்றாக வாழ்ந்து பார்ப்பது நல்லதா என்று இங்கே பல வருடமாகச் சண்டை நடக்கிறது. அப்படி வாழ்ந்தவர்கள் அதிகம் பிரிந்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். எந்த வயதில் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்று ஏரியல் குப்பர்பெர்க் 2014ல் காட்டினார். இல்லை, இன்னும் இருக்கிறது என்று மைக்கேல் ரோசன்ஃபெல்டும் காத்தரினா ரோஸ்லரும் பிறகு மறுத்தார்கள். இன்னும் முடியவில்லை. உங்கள் நான்கைந்து சந்திப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் பெரியப்பாவின் அடுத்த செய்தி இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.


பெருந்துறைக்காரர் எழுதியது:

நேற்று எழுதியதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நூலகப்படி எழுதியதில் ஒரு வரி, மனைவிகளைவிடக் கணவர்கள்தான் நன்றாக இருக்கிறது என்று அதிகம் சொன்னார்கள் என்ற அந்த வரி, ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிட்ட பிறகு வீட்டம்மாவிடம் நேராகவே கேட்டேன், நம் கல்யாணம் எப்படி இருந்தது என்று. முதலில் சிரித்தார். அப்புறம் சொன்னார், முதல் நான்கு வருடம் தினமும் நீங்கள் வண்டி நிறுத்துகிற சத்தம் கேட்டால் எனக்குப் படபடவென்று வரும், இன்றைக்கு எதற்குக் கோபப்படுவீர்களோ என்று பயம். நான் அவரை ஒருநாளும் கை நீட்டியதில்லை. சத்தம் போடுவேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நான்கு வருடம் பயந்திருக்கிறார், 31 வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் யாரிடமாவது என் குணத்தைப் பற்றி விசாரித்தாயா என்று கேட்டேன். யார் என்னை விசாரிக்க விட்டார்கள் என்றார்.

இன்று எங்கள் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு குறையும் இல்லை என்று நேற்று எழுதினேனே, அதை நான் எழுதியிருக்கக் கூடாது, அவரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். மகளே, அந்த மூன்று மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அப்பாவிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.


நூலகப்படி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சர்வேக்களில் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பதற்குக் காரணமே இதுதான், பக்கத்தில் கணவர் இருந்தால் பதில் மாறிவிடும்.

கொடிவேரி, விட்டுப்போன ஒன்று. 2024ல் நம் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுச் சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவழித்தது ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம், அதே வேலை செய்த ஆண்கள் 88 நிமிடம். நீங்கள் வேலைக்குப் போகிறவர். சந்திக்கும்போது இதைப் பேசுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.


கொடிவேரி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெருந்துறை ஐயா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, மறுபடி ஒருமுறை படி என்றார்.

அப்பாவிடம் ஜெய்ப்பூர் விஷயத்தைச் சொன்னேன். 50 ஜோடி என்றதுமே, எத்தனை பிரிவாகப் பிரித்தார்கள் என்றுதான் முதலில் கேட்டார், பிறகு பழைய டைரியை எடுத்து ஒரு கட்டம் போட்டுப் பார்த்தார். செங்டு 586 என்று அதன் கீழே எழுதிக்கொண்டார். 0.24க்கும் 0.61க்கும் அடியில் கோடு போட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பெரியப்பாவுக்கு அவரே போன் செய்து, அவள் கேட்கிற மாதிரி மூன்று மாதம் பார்க்கலாம் அண்ணா, மாப்பிள்ளை வீட்டில் நான் பேசுகிறேன் என்றார். பெரியப்பாவுக்கு வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் போய் அவரைப் பார்க்கப் போகிறேன், போனில் பேசினால் சரியாக இருக்காது.

மாப்பிள்ளை வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் சந்திக்கிறோம். நடுவாசல் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில், முதலிலேயே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று உங்களிடம் வந்தவர்கள் அடிக்கடி சொன்னது எது?


நடுவாசல் எழுதியது:

சம்பளம் யார் கணக்கில் வரும், அந்த ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கும். இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன் கண்ணு. அப்புறம், அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவரிடம் கேளுங்கள், முடிந்தால் அவருடைய அக்காவிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தித்துவிட்டு வந்து இங்கேயே எழுதுங்கள், காத்திருக்கிறோம்.